மகனுக்கு, உப்புவெளியிலிருந்து

மகன்,

மூன்று கிழமையாக உன் போன் இல்லை. வேலை கூட என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது, கடல் அடங்கி சூடை மீன் மலிந்திருக்கிறது, பின் வளவு மாமரமும் பூத்து... சரி, அதை விடு. சின்னவனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டதே, கிளினிக் ஊசிக் கார்டு பத்திரமாக இருக்கிறதா?

நீ அனுப்பிய வொய்ஸை இரண்டு தரம் கேட்டேன். கிருமி என்று ஒன்றே இல்லையாம், உடம்பு சுத்தமாக இருந்தால் வருத்தம் வராதாம், எல்லாம் மருந்துக் கொம்பனிகளின் வியாபாரமாம். கொம்பனிக்காரன் காசு பார்க்கிறான்தான், நான் மறுக்கவில்லை. நம் வீட்டில் முதன்முதல் கெம்பஸ் போனவன் நீ, கேள்வி கேட்கத்தானே படிப்பித்தோம். ஆனால் 1963இல் இலங்கை முழுக்க மலேரியா 17 பேருக்குத்தான். ஒழிந்துவிட்டது என்று மருந்தடிப்பதை விட்டார்கள், ஐந்தாறு வருஷத்தில் லட்சக்கணக்கில் வந்தது, அதில் நானும் ஒருவன், பத்து வயது, அந்தக் குளோரோகுயின் கசப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. நுளம்பு என் உடம்பு சுத்தமா என்று பார்த்துவிட்டா கடித்தது?

சின்னமுத்துக்கு, தட்டம்மை என்கிறார்களே, அதற்கு நுளம்புகூடத் தேவையில்லை, வருத்தக்காரன் எழும்பிப் போன பிறகும் இரண்டு மணித்தியாலம்வரை காற்றில் நிற்கும். நீ இருக்கிற கனடாவில் 1998இலேயே ஒழித்தார்கள், 2025இல் 5000 பேருக்கு மேல் வந்துவிட்டது. கார்டை ஒருக்கா எடுத்துப் பார். நீ தகப்பன், முடிவு உன்னுடையது. ஆனாலும் பார்.

அக்காவின் இடது காது. 90இல் பிரச்சினை, கிளினிக் பூட்டு, ஊசி தப்பிவிட்டது, முகாமில் சின்னமுத்து வந்தது என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறோம். பிரச்சினை தொடங்கியது ஆனியில். அவளுக்கு ஊசி போடவேண்டியது மாசியில். கிளினிக் திறந்துதான் இருந்தது, ஊசி போடும் மிஸ்ஸி இரண்டு தரம் படலைவரை வந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஊசிக்குப் பிறகு காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அம்மாள் வருத்தத்தை ஊசியாலா மறிக்கிறது என்று சொல்லி நான்தான் திருப்பி அனுப்பினேன். முகாமில் காதால் சீழ் வடிந்தபோதும் வேப்பிலைதான் அரைத்துப் பூசினேன். அம்மா ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அக்காவுக்கு இன்றைக்கும் தெரியாது. போன கிழமை வந்திருந்தாள், தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல அவளுக்கு வலது பக்கமாகப் போய் இருந்தேன்.

கார்டைப் படம் எடுத்து அனுப்பு. அம்மாவின் போனுக்கு வேண்டாம், எனக்கு.

அப்பா