மைனஸ் 12 வோல்ட் கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் மெயில் கிடைத்தது. ப்ரீஆம்ப்புக்கும் ஹெட்போன் டிரைவருக்கும் சேர்த்து மைனஸ் 12 வோல்ட்டில் 200 மில்லிஆம்பியர் வேண்டும், கையில் இருப்பது 12 வோல்ட் அடாப்டர், "எல்எம்2596 3 ஆம்பியர் தரும் என்று போட்டிருக்கே, அதையே போட்டுடலாமா அண்ணா?" என்று அந்த பக் ரெகுலேட்டரைப் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஐசி) பற்றிக் கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் அந்த 3 ஆம்பியரை நம்பிப் போடாதே. மைனஸ் பக்கம் திருப்பியதும் அந்த எண்ணின் பொருளே மாறிவிடும்.

ப்ரீஆம்ப் மட்டும் என்றால் சார்ஜ் பம்ப் (இண்டக்டர் இல்லாமல் கெபாசிட்டரை வைத்தே மைனஸ் வோல்டேஜ் தரும் ஐசி) போதும் என்றிருப்பேன். ப்ரீஆம்ப்பில் போடும் என்இ5532 ஆப்ஆம்ப் ஒன்று சும்மா இருக்கும்போது சுமார் 8 மில்லிஆம்பியர்தான் இழுக்கும். எல்டி1054 என்ற சார்ஜ் பம்ப் 15 வோல்ட் வரை தாங்கி 100 மில்லிஆம்பியர் தரும். எல்லாரும் முதலில் சொல்கிற ஐசிஎல்7660 உனக்கு ஆகாது. அதன் வரம்பு 10 வோல்ட், உன் அடாப்டரில் மாட்டினால் போய்விடும். 200 மில்லிஆம்பியருக்கு இண்டக்டர் வைத்த ஸ்விட்சிங் ரெகுலேட்டர்தான் வழி.

பக் ரெகுலேட்டரை மைனஸுக்குத் திருப்பும்போது, வழக்கமாக அவுட்புட் எடுக்கிற முனை உன் போர்டின் கிரவுண்டாகிறது. ஐசியின் கிரவுண்டு பின் மைனஸ் 12-இல் போய் உட்காருகிறது. ஆக ஐசி தாங்குவது 12 அல்ல, 24 வோல்ட். எல்எம்2596-க்கு 40 வரை இடம் உண்டு. அதே இடத்தில் 23 வோல்ட் வரம்புள்ள எம்பி2307 குட்டி மாட்யூலை வைத்தால் வரம்பைத் தாண்டிவிடும், போய்விடலாம். மாட்யூலின் இன்புட் கெபாசிட்டரையும் பார். 25 வோல்ட் என்று எழுதியிருந்தால் கழற்றிவிட்டு 50 வோல்ட் போடு.

அடுத்தது கரண்ட். சாதாரண பக்கில் இண்டக்டர் எந்நேரமும் லோடுக்கு ஊட்டுகிறது. இங்கே ஸ்விட்ச் ஆஃப் ஆன நேரத்தில் மட்டும்தான். 12-இலிருந்து மைனஸ் 12 என்றால் பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப். 200 மில்லிஆம்பியர் எடுக்க இண்டக்டரில் சராசரியாக 400 ஓட வேண்டும். அதையே 5 வோல்ட் யூஎஸ்பியிலிருந்து எடுத்தால் நஷ்டங்களைச் சேர்க்காமலே 680 ஆகிவிடும். எம்சி34063 என்ற இன்னொரு ஸ்விட்சிங் ஐசியின் டேட்டாஷீட் சூத்திரத்தில் போட்டுப் பார்: 12 வோல்ட்டிலிருந்து என்றால் உச்ச கரண்ட் 0.9 ஆம்பியருக்குள் அடங்கும், 5 வோல்ட்டிலிருந்து என்றால் 1.6-ஐத் தாண்டும். அந்த ஐசியின் வரம்பு 1.5. ஐசி அதேதான், லோடும் அதேதான். இன்புட் மாறியதும் ஆட்டமே முடிந்துவிடுகிறது.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. லோடு திடீரென்று ஏறினால் கண்ட்ரோல் லூப் ஸ்விட்சைக் கூடுதல் நேரம் ஆன் செய்யும். அந்த நேரத்தில் அவுட்புட்டுக்கு ஒன்றுமே போகாது. ஏற வேண்டிய வோல்டேஜ் முதலில் இன்னும் இறங்கிவிட்டுத்தான் ஏறும். அதனால் பக் சர்க்யூட்டின் கெபாசிட்டர் மதிப்பை அப்படியே எடுத்து வைக்காதே. அவுட்புட் கெபாசிட்டருக்குக் கரண்ட் துண்டுதுண்டாக வருவதால், ஈஎஸ்ஆர் (உள்மின்தடை) குறைந்த, ரிப்பிள் கரண்ட் (ஏறி இறங்கும் கரண்ட்) அதிகம் தாங்குகிற நல்ல கெபாசிட்டரை வாங்கு. இந்தப் பட்டியலில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான்.

ஆடியோவுக்கு என்பதால் நான் எம்சி34063-ஐத் தவிர்ப்பேன். லோடு குறைந்தால் அது பல்ஸ்களை விட்டுவிட்டு ஓடும். அந்த இடைவெளியின் அதிர்வெண் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இறங்கிவிடலாம். எல்எம்2596 நிலையாக 150 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதை மைனஸ் 15-க்கு வைத்து, பின்னால் சின்ன எல்சி (இண்டக்டர், கெபாசிட்டர்) ஃபில்டர், அதற்குப் பின் எல்எம்337 என்ற மைனஸ் லீனியர் ரெகுலேட்டர் போட்டு மைனஸ் 12-க்கு இறக்கு. அத்தனை அதிர்வெண்ணில் எல்எம்337-ஆல் ரிப்பிளைப் பெரிதாகத் தடுக்க முடியாது, எல்சியை விட்டுவிடாதே. ஐசி தாங்குவதாக மேலே சொன்ன 24 வோல்ட் இப்போது 27 ஆகும், பரவாயில்லை.

பவர் போட்ட கணத்தில் இன்புட் கெபாசிட்டர் வழியாக மைனஸ் முனை ஒரு நொடிக்கும் குறைவாகப் பிளஸ் பக்கம் எகிறும். ஒரு ஷாட்கி டையோடின் ஆனோடை மைனஸ் அவுட்புட்டிலும் கேத்தோடை கிரவுண்டிலும் வை. ஆன்/ஆஃப் பின்னை மைக்ரோகண்ட்ரோலரோடு நேரடியாக இணைக்காதே. போர்டின் 0 வோல்ட் அந்த ஐசிக்கு 15 வோல்ட்டாகத் தெரியும். தொடக்கத்தில் எல்எம்2596 தன் கரண்ட் லிமிட் வரை, அதாவது 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கப் பார்க்கும். உன் 1 ஆம்பியர் அடாப்டர் மடங்கி, சர்க்யூட் எழும்பாமலே திணறலாம். டேட்டாஷீட்டில் ஆன்/ஆஃப் பின்னில் கெபாசிட்டர், ரெசிஸ்டர் வைத்துத் தாமதமாக ஆன் செய்கிற சர்க்யூட் இருக்கிறது, அதையும் சேர்த்து வரை. வரைந்ததும் அனுப்பு, போர்டு அடிக்கக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்