அப்பாவின் படகை மறுபடியும் ஓடவைத்தவர்களுக்கு

பழவேற்காட்டு ஏரியில் அப்பாவின் படகு மறுபடியும் ஓடுகிறது. அவருக்கு நேர்ந்ததையும், அந்த நாட்களில் நாங்கள் பட்டதையும் நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்புவது இனி அவருக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னபோது முடிந்துபோனதாக நாங்கள் எண்ணிய தொழிலை, ஒரு சிறிய மின்மோட்டாரும் மின்சார ஆட்டோவிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியும் மீட்டுத் தந்திருக்கின்றன.

மருந்துச் செலவுக்குக் கைகொடுத்த உறவினர்களுக்கும், மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையில் அப்பாவின் முறையைப் பிறருக்கு மாற்றாமல் காத்துவைத்த ஊர்ப் பெரியவர்களுக்கும், மோட்டாரைத் தாங்கும் சட்டத்தைக் கூலி வாங்காமல் வெல்டிங் செய்து கொடுத்த பட்டறைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பேட்டரி அமைத்துத் தந்த அண்ணனைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பேட்டரிக்குள் தொடராக இணைத்த செல்களில் வலுவிழந்த ஒன்று முதலில் தீர்ந்தாலும் மொத்தமும் நின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு செல்லையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்கி அளந்து, ஒத்துப்போகும் 16 செல்களை மட்டும் பொறுக்கி 51.2 வோல்ட்டுக்கு அடுக்கினார். புதிதில் 100 ஆம்பியர்-மணி மின்னூட்டம் கொண்டவற்றில் இப்போது 75 அளவே மிஞ்சியிருக்கிறது. வண்டிக்குப் போதாத அது எங்கள் படகுக்குத் தாராளம்.

ஆனால் என்னால் மறக்கவே முடியாதது, அவர் அப்பாவிடம் கேட்ட ஒரு கேள்வி. எங்கள் பேட்டரியில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைச் செல்லில் மின்னழுத்தம் வெகுநேரம் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்று கடைசியில் சட்டெனச் சரியும், அதை வைத்து மிச்சத்தை அறிய முடியாது என்பதால், செலவான ஆம்பியர்-மணியைக் காட்டும் மீட்டரைப் பொருத்திவிட்டு, எந்த அளவில் படகைத் திருப்ப வேண்டும் என்று அவரே குறித்துத் தந்திருக்கலாம். அவரோ அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, இந்த ஏரி எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்" என்றார். மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் எதற்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, எந்த மாதத்தில் எந்தக் காற்று எதிர்க்கும், முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறும்போதும் வற்றும்போதும் படகு எப்படி இழுபடும் என்று இருட்டும்வரை பேசினார். அதையெல்லாம் கேட்ட பிறகே, பாதி தீரும்வரை காத்திருப்பது ஆபத்து என்று இருவரும் சேர்ந்து முடிவுசெய்து, "30 வந்தால் கரைக்குத் திரும்பவும்" என்று பெட்டி மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்கள்.

அண்ணா, இந்தச் செல்கள் முற்றிலும் ஓய்ந்துபோகும் நாளில் அவற்றைக் காயலான் கடையில் போடாமல் முறைப்படி மறுசுழற்சிக்கே கொடுப்பேன். இதே போன்ற படகு வேண்டுமென்று யார் வந்தாலும், நீங்கள் எனக்குக் கற்றுத்தந்தபடி கூட இருந்து செல்களை அளந்து கொடுப்பேன். அதற்கு முன், படகு ஓட்டப்போகிறவரிடம் அவருடைய தண்ணீரைப் பற்றிக் கேட்பேன்.