பூமி சுற்றுவதாலா நீர்ச்சுழி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஜப்பானின் நருட்டோ நீர்ச்சுழிகள் பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் அருமை. ஆனால், ‘பூமி சுழல்வதால் கடல்நீரும் சுழல்கிறது’ என்று ஒரே வரியில் காரணத்தை முடித்துவிட்டீர்கள். அது தவறு.

நருட்டோ என்பது அவாஜித் தீவுக்கும் ஷிக்கோக்குத் தீவுக்கும் நடுவே சுமார் 1.3 கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணை. பசிபிக்கிலிருந்து வரும் கடலேற்றம் அதன் தெற்கு வாசலுக்கு நேரே வந்துவிடும். வடக்கு வாசலுக்கோ அவாஜித் தீவைச் சுற்றிக்கொண்டு ஐந்தாறு மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேரும். அதற்குள் தெற்கே வற்றம் தொடங்கியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் வருவதுண்டு. தண்ணீர் சும்மா இருக்குமா? இடுக்கு வழியே பாய்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்கூடப் பிடிக்கும்.

நீரிணையின் நடுவே ஆழம். அங்கே ஓட்டம் வேகம். ஓரங்களில் ஆழம் குறைவு, அங்கே மந்தம். வேகமான நீரும் மந்தமான நீரும் உரசிப் போகும் இடத்தில்தான் தண்ணீர் உருண்டு சுழியாகிறது. ஓட்டத்துக்கு வலப்பக்கம் உண்டாகும் சுழி கடிகார முள்ளைப் போலச் சுற்றும், இடப்பக்கத்துச் சுழி அதற்கு எதிராக. பூமிதான் காரணமென்றால் ஒரே நீரிணையில் இரண்டு திசை எப்படி வரும்?

இதைப் பார்க்க ஜப்பான் போக வேண்டாம். கொள்ளிடத்தில் தண்ணீர் போகும்போது பாலத்தின் மேலே நின்று தூண்களுக்குப் பின்னால் பாருங்கள், இடமும் வலமும் மாறி மாறிச் சுழி கிளம்பும். மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். (பாலத்தின் மேலிருந்துதான். ஆற்றில் இறங்க விட்டதில்லை.)

பூமியின் சுழற்சி புயலைத் திருப்பும், உண்மை. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் நீடிப்பது. சிறிய தொட்டியில் அந்த விளைவைப் பார்க்க 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஆஷர் ஷாப்பிரோ பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆறடி அகலத் தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு முழு நாள் அசையாமல் வைத்து, அப்புறம்தான் அடைப்பைத் திறந்தார். பாய்ந்தோடும் நீரிணையில் அந்த நிதானத்துக்கு இடமேது?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டார்கள்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
ஸ்ரீரங்கம்.