இரண்டாவது விரல்

வெள்ளவத்தை,
கொழும்பு - 06.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். தொலைபேசியில் கேட்டால் "ஒன்றுமில்லை அப்பா, சின்னச் சுளுக்கு" என்பாய். நானும் சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். மருமகள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளை ஏசாதே. இடுப்பு மூட்டுக்குள் எலும்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து மூன்று மாதம் ஆகிறதாம். நீ எங்களுக்குச் சொன்ன சுளுக்குக்கு எட்டு மாதம்.

உன்னை ஏசத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு வரி எழுதியதும் என் வலது கால் கண்ணில் பட்டது. இரண்டு வருடத்துக்கு முன் "காலில் ஒரு காயம், ஆறிவிட்டது" என்று நான் உனக்குச் சொன்னேனே, அது முழுப் பொய். அந்தக் காலில் இப்போது நான்கு விரல்கள்தான். வீடியோவில் நீ என் முகத்தை மட்டும்தானே பார்க்கிறாய்.

அந்த வருட ஆடிவேலுக்குத் தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தேன். காலி வீதித் தார் எப்படிக் கொதிக்கும் என்று உனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் சுடவில்லை. முருகன் அருள் என்று பெருமையாக வேறு இருந்தது. இருபது வருடச் சீனி வருத்தம் பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்ததை அருள் என்று நினைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டாவது விரலின் கீழே ஒரு கொப்புளம். வலியில்லாத கொப்புளத்தை யார் கவனிப்பார்கள்? செருப்பு அதையே உரசியது, கட்டில் காலில் அதையே இடித்தேன். பட்ட காலிலே படும் என்கிறார்களே, வலி தெரியாத காலில் அது அப்படியே நடக்கிறது.

ஒன்பதாம் நாள் அம்மா அலுமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்று வீடெல்லாம் தேடினாள். அலுமாரியை நானும் சேர்ந்து நகர்த்தினேன். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதே தெரியும், தம்பி. காலுறை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

முதலில் பார்த்த வைத்தியர் காலுறையைக் கழற்றச் சொல்லிவிட்டு, நாற்காலியை விட்டு எழாமலே ஒரு களிம்பு எழுதித் தந்தார். அதில் ஒரு வாரம் போயிற்று. விரல் கறுத்து, சுற்றிலும் சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்த பிறகுதான் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனோம். அவர் பாதத்தின் மேற்புறத்தில் நாடித் துடிப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. புண்ணுக்குள் மெல்லிய உலோகக் குச்சி ஒன்றை விட்டார். "டக்" என்றது. பழைய சோனகத் தெருவில் முப்பத்தைந்து வருடம் இரும்புக்கடை வைத்திருந்தவனுக்குக் கெட்டியான பொருளில் கம்பி முட்டும் சத்தம் தெரியாதா? எலும்பு வரை போய்விட்டது என்று அவர் சொல்லுமுன்பே விளங்கிவிட்டது.

உலர்ந்த அழுகல், ஈர அழுகல் என்று இரண்டு இருக்கிறதாம். உலர்ந்தது இரத்தம் வராமல் கருவாடு போலக் காய்ந்து சுருங்குவது. உயிருள்ள தோலுக்கும் செத்த தோலுக்கும் நடுவே ஒரு கோடு விழும், சிலருக்கு விரல் தானாகவே கழன்றும் விடும். ஈர அழுகலில் கிருமி புகுந்துவிட்டது. அது காத்திருக்க விடாது, சில நாட்களிலேயே காலை, ஏன் ஆளையே கொண்டுபோய்விடும். என்னுடையது காய்வதில் தொடங்கி ஈரத்தில் முடிந்தது. உடனே செத்த சதையை வெட்டிச் சீழை வடித்தார்கள். பிறகு தொடை இடுக்கில் ஊசி குத்தி, அடைத்த நாடிக்குள், அதாவது இரத்தக் குழாய்க்குள், பலூன் விட்டு விரித்து, இரத்தம் பாதம் வரை போக வழி செய்துவிட்டுத்தான் விரலை எடுத்தார்கள். இரத்தம் வராத இடத்தில் வெட்டினால் அந்த வெட்டும் ஆறாதாம். தினமும் காயத்துக்கு மருந்து கட்டிய மிஸ், காலை விட்டு என் முகத்தைப் பார்த்து "ஐயா, இனி இரவில் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பாருங்கள்" என்றார். அன்றிலிருந்து நான் ஒரு நாளும் தவறவில்லை.

இனி உன் கதை. நான் வைத்தியனில்லை, ஆனால் குழாய் வேலை தெரிந்தவன். தொடையெலும்பின் தலை, அந்தப் பந்து, மாடிக் கடைசி வீடு மாதிரி. எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறும் சில சிறு நாடிகள்தான் அதற்குத் தண்ணீர் விடுகின்றன. வேறு இணைப்பு இல்லை என்றே சொல்லலாம். அப்பம்மா குளியலறையில் விழுந்து அந்தக் கழுத்தை முறித்துக்கொண்டபோது, எலும்பைப் பொருத்தாமல் பந்தையே ஏன் மாற்றினார்கள் என்று நீ கேட்டாய், நினைவிருக்கிறதா? முறிவில் அந்த நாடிகளும் அறுந்துவிட்டால் பொருத்தினாலும் பந்து சாகும்.

உனக்கு முறிவு இல்லை. குடல் அழற்சிக்கு இரண்டு வருடம் நீ விழுங்கிய பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரோயிட் மருந்துதான் காரணமாக இருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். அதிக அளவில் எடுத்தால் எலும்புக்குள் கொழுப்பு திரண்டு அழுத்தம் ஏறி இரத்தம் தடைப்படலாம். அந்த மருந்து உன் குடலைக் காப்பாற்றியது என்பதையும் மறக்காதே. கோபத்தில் அதைத் திடீரென்று நிறுத்திவிடாதே. உடம்பு தானே சுரக்கும் அதே வகைச் சுரப்பு உறங்கிப்போயிருக்கும், ஆபத்து. குறைப்பதென்றால் வைத்தியர் சொல்லும் படிகளில்தான். மதுவும் இதே கேட்டைச் செய்யும். வார இறுதியில் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. வைத்தியர் கேட்டால் அவரிடம் உண்மையைச் சொல்.

எலும்பு செத்த உடனே உடைந்துவிடுவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. உருவம் அப்படியே நிற்கும், எக்ஸ்ரேயில் குறையே தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும். உடம்பு சும்மா இருக்காமல் செத்ததை அரித்து எடுத்துவிட்டுப் புதியது கட்டப் பார்க்கும். பழைய சுவரை இடிக்கும் வேகத்துக்குப் புதுச்சுவர் எழும்பாது. அந்த இடைவெளியில், நடக்கிற பாரத்தில், பந்தின் கூரை அமுங்கிவிடும். உன் பந்து இன்னும் அமுங்கவில்லை என்று மருமகள் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அம்மா மயூராபதி அம்மனுக்கு ஓடினாள்.

அமுங்குவதற்கு முன்தான் எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, அதையும் தெரிந்துகொள். ஆனால் நீ அதை விடுமுறை, வேலை, வீட்டுக்கடன் என்று தள்ளிக்கொண்டு போகிறாயாம். மூன்று மாதம்! எனக்குக் களிம்பில் போனது ஒரே வாரம். இன்னொன்று. மருந்தால் வந்தால் பலருக்கு மற்ற இடுப்பிலும் இருக்கும், வலிக்காமலே இருக்கும். அந்தப் பக்கத்தையும் படம் எடுத்தார்களா என்று கேள்.

துளையிட்டும் சரிவராவிட்டால் மூட்டு மாற்றுவார்கள். அதற்காக நடுங்காதே. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் செயற்கை மூட்டில் பந்து உட்காரும் கிண்ணத்துக்கு முதலில் டெஃப்லோனைப் போட்டுப் பார்த்தாராம். ஆமாம், குழாய் மரையில் நாம் சுற்றும் அதே வெள்ளை நாடாவின் சரக்கு. தேய்ந்து நாசமாகிவிட்டது. 1962 இல் தடித்த பொலித்தீனுக்கு மாறிய பிறகுதான் நின்றது. இப்போது இருபது வருடத்துக்கு மேல் உழைப்பவை ஏராளம். உனக்கு வயது முப்பத்தெட்டு என்பதால் பிறகு ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம், அதனால்தான் சொந்தப் பந்தை முடிந்தவரை காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

அம்மா வந்து நிற்க விரும்புகிறாள். விசாவுக்குக் கடிதம் அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் அந்தக் காலில் பாரம் போடக்கூடாது என்பார்கள். பிள்ளையைத் தூக்காதே.

ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது கமராவைக் கீழே பிடிக்கிறேன், என் காலைப் பார். உன் எம்.ஆர்.ஐ. படத்தையும் சத்திரசிகிச்சைத் தேதியையும் எடுத்து வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா