சனிக்கிழமையே இல்லாத கணக்கு

திருப்பூர்,
ஞாயிறு காலை.

டேய் குண்டா,

நாலு மாசமா பதில் போடலைன்னு திட்டத்தான் போறே, திட்டு. அம்மா சௌக்கியம், மூட்டுவலி மட்டும் விட்டபாடில்ல.

விஷயத்துக்கு வர்றேன். கரன்ட் அக்கவுன்ட் ஆரம்பிச்சுக் கையில கொடுத்தா மாசம் 15,000 தர்றதா உன் மச்சான்கிட்ட எவனோ சொன்னான்னு போறபோக்குல எழுதியிருந்தியே, அந்த ஒத்தை வரி என் தூக்கத்தைக் கெடுத்துடுச்சு.

எங்க பேங்க் பிராஞ்சுல ஒரு தம்பி. பேர் கேக்காதே. பனியன் ஜாப் ஒர்க்னு கணக்குத் தொடங்கினான். ஜிஎஸ்டி, உதயம்னு சிறுதொழில் பதிவு எல்லாம் கச்சிதம். வருஷத்துக்கு 30 லட்சம் வரவுசெலவுன்னு எழுதிக் கொடுத்தான். ஆறு மாசம் கணக்குத் தூங்குச்சு. அப்புறம் ஒரே வாரத்துல 40 லட்சம்! அசாம், ராஜஸ்தான்னு எங்கெங்கிருந்தோ 9,000, 25,000னு வருது. இருபது நிமிஷத்துல மூணு கணக்குக்குப் பிரிஞ்சு போயிடுது. விடிஞ்சு பார்த்தா மிச்சம் 212 ரூபாய்.

தொகை பெருசுங்கிறதுக்காகச் சந்தேகப்படக் கூடாதுடா. அதுல சூடு பட்டவன் நான். ஆயுத பூஜைக்குச் சாக்குல அழுக்கு நோட்டாக் கொண்டுவந்த தேங்காய் மண்டிக்காரரைக் கேள்வி கேட்கப்போய், அவர் மறுநாள் என் மேஜையில பில்லுக் கட்டா இறக்கினார். மாசத்துல 10 லட்சத்துக்கு மேல ரொக்கம் புரண்டா அறிக்கை தானாப் போகும், அது குத்தமில்ல. 2016 நோட்டுக் கலவரத்துல பான் கார்டுக்குப் பயந்து 49,000, 49,500னு நறுக்கி நறுக்கிக் கட்ட வந்தானுங்களே, உறுத்தினா அப்படி உறுத்தணும்.

இந்தத் தம்பி கணக்குல உறுத்தினது சனிக்கிழமை. இங்க சின்ன யூனிட்டுக்கெல்லாம் அன்னிக்குத்தான் சம்பளம். கவுன்டர்ல நிக்க இடமிருக்காது. இவன் ஒரு சனிக்கிழமைகூடப் பணம் எடுக்கல. நூலுக்குப் பைசா போகல, ஈபி பில்லும் இல்ல. கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, "தையல் மெஷின்ல ஓவர்லாக் எத்தனை தம்பி, பேட்லாக் எத்தனை?"ன்னேன். முழிச்சான். "எல்லாமே புதுசுங்கண்ணா."

ராத்திரி 2 மணிக்குப் பணம் போகுதேன்னா, "அதெல்லாம் பார்ட்னர் பார்த்துக்குவாருங்க"ங்கிறான். அந்த பார்ட்னர் பேர் எந்தக் காகிதத்துலயும் இல்ல. 24 வயசுடா அவனுக்கு.

மேலிடத்துக்கு எழுத வேண்டியதை எழுதிட்டேன். அங்கிருந்து டெல்லியில நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். அவன்கிட்ட மூச்சுவிடக் கூடாது, அது சட்டம். போன வாரம் அம்மா சுட்ட முறுக்குன்னு ஒரு டப்பாவை மேஜையில வெச்சுட்டுப் போனான். இன்னும் திறக்கல.

உன் மச்சானுக்கு நான் வாயைத் திறந்து சொல்லலாம், அதனால சொல்றேன். திருட்டுப் பணம் கைமாறத் தெரிஞ்சே கணக்கை வாடகைக்கு விட்டான்னு ஆனா, அந்தப் பணத்தை வெள்ளையாக்குறதைத் தடுக்கிற 2002ஆம் வருஷச் சட்டத்துல 3 வருஷத்துலிருந்து 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல். கையெழுத்துப் போடறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு போன் பேசச் சொல்லு. இந்தக் கடிதத்தைப் படிச்சுட்டுக் கிழிச்சுப் போடு.

சனிக்கிழமை மட்டும் கூப்பிட வேண்டாம்னு சொல்லு, கூட்டம் அள்ளும்.

உன்,
ஒல்லி