இடுப்புப் பிடிப்புக்கு ஊசியோடு பிசியோதெரபியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குனிந்து எடையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் பலர். அங்கே டைக்ளோஃபெனாக் ஊசி, எக்ஸ்ரே, பெல்ட், 'இரண்டு வாரம் அசையாமல் படுங்கள்' என்ற அறிவுரை. ஊசி வலியைத் தணிக்கும் (சிறுநீரகக் கோளாறோ குடல்புண்ணோ உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது). அடிபடாதவருக்கு எக்ஸ்ரே பெரும்பாலும் வீண். வலியே இல்லாதவர்களிடமும் காணப்படும் தேய்மானத்தைக் காட்டி, பயத்தைத்தான் கூட்டும். படுக்கையோ கெடுதல். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடத்தப்பட்டு 1995இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு நாள் படுத்திருந்தவர்களைவிட, வலி தாங்குமளவு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினார்கள்.

ஊசி வேலைசெய்யும் அந்தச் சில மணி நேரம்தான் நோயாளியை எழுப்பி நடக்கவைக்க ஏற்றது. அதைத் தவறவிட்டு, பிசியோதெரபி என்னும் இயன்முறை சிகிச்சைக்கு வேறொரு நாள் வரச்சொல்கிறோம். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயல்வதால்தான் வலி சுருக்கென்று பிடிக்கிறது. முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடியே முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றி எழ வேண்டும். பிறகு ஐந்து நிமிட நடை. வீட்டிலும் விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணிக்கொரு முறை. வலி கடுக்கும்போது மல்லாந்து, கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வைத்துப் பத்து நிமிடம் கிடக்கலாம். இதைச் சொல்வதோடு நில்லாமல் செய்துகாட்டிச் செய்யவைக்க இருபது நிமிடம் போதும். பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டுவதும், முதல் நாளே குனிந்து கால்விரலைத் தொடுவதும் வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதவர்கள் என்று பச்சை வகையாகப் பிரிக்கப்படுவோருக்கு, இரவு நேரத்திலும் ஓர் இயன்முறை சிகிச்சையாளரை அமர்த்துமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

பச்சை என்று பிரித்தபின்னும் அந்தச் சிகிச்சையாளர் முதலில் சோதிக்க வேண்டியவை உண்டு. குதிகாலால் நடக்க முடிகிறதா? நுனிக்காலில் எழும்ப முடிகிறதா? காய்ச்சல், எடைக்குறைவு, பழைய புற்றுநோய், காசநோய் உண்டா? கழுவும்போது ஆசனவாயைச் சுற்றி மரத்திருக்கிறதா, சிறுநீர் தேங்குகிறதா என்பதை நோயாளி கூச்சத்தால் சொல்லமாட்டார். கேட்டே ஆக வேண்டும். சிறுநீர் கழித்தபின்னும் ஸ்கேனில் 200 மி.லி.க்கு மேல் தேங்கியிருந்தால், முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குகிறதோ என்று ஐயப்பட வேண்டும். அந்த நோயாளிக்கு உடற்பயிற்சி கூடாது. அன்றிரவே எம்.ஆர்.ஐ. எடுத்து, அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்கள்,
மதுரை