அந்த இதழ்த் தொகுதிகளைக் கழித்துவிடாதீர்கள்: ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கட்டடக்கலைப் பிரிவு அலமாரிகளில் நீங்கள் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல். 1945 முதல் 1975 வரையிலான இதழ்த் தொகுதிகள் டிஜிட்டல் வடிவில் கிடைப்பதால் அகற்றப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. இது பற்றி ஆங்கிலத்தில் கேட்டு எழுதினேன். என் கருத்தை நீங்கள் மிகவும் மதிப்பதாக ஒரு தானியங்கிப் பதில் வந்தது, அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. சரி, ஆங்கிலத்தில் எழுதினால் இயந்திரம் படிக்கிறது, தமிழில் எழுதினால் நாலு மனிதர்களாவது படிப்பார்கள் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொகுதிகளை வெளியே அனுப்பாதீர்கள். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

நான் உங்கள் மாணவன் அல்ல. ஆண்டுக் கட்டணம் கட்டி அட்டை வாங்கிய வெளி வாசகன். லண்டனில் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறேன். எங்கள் நியூஹாம் பகுதியிலேயே, கேனிங் டவுனில், 1968 மே 16ஆம் தேதி விடியற்காலையில் ரோனன் பாயிண்ட் சரிந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 22 மாடிக் கட்டடம், 18ஆம் மாடியில் ஒருவர் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார், கசிந்திருந்த எரிவாயு வெடித்தது, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை பொலபொலவென்று உதிர்ந்தது, நான்கு பேர் இறந்தார்கள். மக்கள் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதன் விசாரணை அறிக்கையை எங்கும் படிக்கலாம், எனக்கு வேண்டியது அதுவல்ல. இப்படிப்பட்ட ஒரு கட்டடத்தை ஒரு நகராட்சி எப்படி நம்பி வாங்கியது, யார் எப்படி விற்றார்கள் என்பதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த விற்பனை நடந்த இடம் நீங்கள் அகற்றப்போகும் இதழ்களின் விளம்பரப் பக்கங்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாடிக்கு மேல் ஒவ்வொரு மாடிக்கும் நகராட்சிகளுக்குக் கூடுதல் மானியம் கிடைத்தது. 1965இல் தொழிற்கட்சி அரசு, 1970க்குள் ஆண்டுக்கு 5 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்தது. பணமும் அவசரமும் ஒரே நேரத்தில் வந்தால் விற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கிரேனில் தூக்கி அடுக்கும் முறைகளை ஆளாளுக்குக் கூவி விற்றார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த லார்சன்-நீல்சன் முறை அதில் ஒன்று, ரோனன் பாயிண்ட் அப்படி எழுந்ததுதான்.

இந்த விஷயத்தில் உங்கள் நூலகத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு, உங்களுக்கே அது தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது. ஆர்க்கிடெக்ட்ஸ் ஜர்னல் போன்ற இதழ்களைப் பைண்ட் செய்தபோது பல நூலகங்களில் முன்னும் பின்னும் இருந்த விளம்பரத் தாள்களை உருவி எறிந்துவிட்டார்கள். குப்பை என்று நினைத்தார்கள், தொகுதி தடிமனாகும் என்றும் கவலை. உங்கள் நூலகத்தில் அந்தக் காலத்துப் பைண்டருக்கு யார் என்ன சொன்னார்களோ, 1960களின் தொகுதிகளில் விளம்பரங்கள் அப்படியே இருக்கின்றன. ஜன்னல் சட்டம் ஏற்கெனவே பொருத்திய ஒரு முழுச் சுவர் கிரேன் கொக்கியில் தொங்குகிறது, கீழே தொப்பி போட்ட இரண்டே இரண்டு ஆட்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்த 'இரண்டே இரண்டு ஆட்கள்' தான் விளம்பரத்தின் சாரம்: கொத்தனார் வேண்டாம், தச்சர் வேண்டாம், மழைக்கு நிற்க வேண்டாம். அப்படி நாலு பக்கம் கழித்து ஒரு நகராட்சிக் கட்டடக்கலைஞர் வேலைக்கு ஆள் தேவை என்று சிறிய எழுத்தில் அறிவிப்பு. அதையும் சேர்த்துப் படித்தால்தான் எந்த நகராட்சியிடம் சொந்தமாக வரையும் ஆட்கள் இல்லை, யார் கம்பெனி நீட்டிய வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது.

டிஜிட்டல் வடிவில் இவற்றில் எது இருக்கிறது? நீங்கள் சந்தா கட்டும் தொகுப்பில், மாணவர் ஒருவர் தயவில் எட்டிப் பார்த்த அளவில், கட்டுரைகள் தனித்தனியாக வெட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. விளம்பரம் கட்டுரை அல்லவே, அதனால் இல்லை. மடித்து வைத்த பெரிய தரைத்தள வரைபடங்களை மடித்தபடியே ஸ்கேன் செய்திருக்கிறார்கள், பாதி வீடு கோட்டுக்கு உள்ளே, பாதி வீடு காணோம். புகைப்படங்கள் மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தவை போல. கான்கிரீட்டின் சொரசொரப்பைக் காட்டத்தான் அந்தக் காலத்து இதழ்கள் படத்துக்கு அவ்வளவு பணம் செலவழித்தன, இங்கே அது கரிக்கட்டியாகத் தெரிகிறது. தேடுபெட்டியில் ரோனன் பாயிண்ட் என்று அடித்தால் வருவதெல்லாம் இடிந்த பிறகு எழுதியவை. இடியும் முன்பு அந்தத் திட்டம் கிளெவர் ரோடு என்ற தெருப் பெயரில்தான் இருந்தது. பெயர் மாறிய ஒன்றைப் பெயர் தெரியாமல் கண்டுபிடிக்க, பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அதையும் விடுங்கள். அந்த அரைகுறை டிஜிட்டல் பிரதியையாவது என் போன்றவர்கள் பார்க்கலாமா என்றால், கூடாது. வெளி வாசகர்களுக்கு மின்வளங்கள் கிடையாது, உரிம நிபந்தனை என்று மேசையில் சொல்கிறார்கள். மேசையில் இருக்கிற பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்காக ஜிஸ்க் என்ற பொது அமைப்பு பதிப்பகங்களோடு பேசி வைத்திருக்கும் மாதிரி உரிமத்தில், நூலகத்துக்குள் நேரில் வந்து உட்கார்ந்து படிப்பவருக்கும் இடம் இருக்கிறது. அதற்கு வேண்டியது வாசிப்பறையில் ஒரு கணினி. ஆக, டிஜிட்டலில் இருக்கிறது என்று சொல்லிக் காகிதத்தை எடுத்துவிடுவீர்கள், காகிதம் போனவனுக்கு டிஜிட்டலைத் திறக்க மாட்டீர்கள். இதற்கு 'அணுகலை மேம்படுத்துதல்' என்று சீட்டில் தலைப்பு வேறு.

ஏற்கெனவே கிடங்குக்குப் போன பழைய தொகுதிகள் படும் பாட்டைப் பார்த்தாலே மீதிக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துவிடும். கிடங்கிலிருந்து வரவழைக்க, தொகுதி எண்ணும் இதழ் எண்ணும் எழுதிக் கொடுக்க வேண்டும். எண் தெரிய ஆண்டு அட்டவணைத் தொகுதியைப் பார்க்க வேண்டும். அட்டவணைத் தொகுதி எங்கே? கிடங்கில். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தின கதை. ஊகமாக ஏதோ ஒரு எண்ணைப் போட்டு வரவழைத்தால் சில நாள் கழித்துத் தவறான ஆண்டு வந்து நிற்கும், அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. வாரநாளில் வேலைக்குப் போகிறவன் சனிக்கிழமை மட்டும் வந்து இதைச் செய்து முடிக்க எத்தனை சனிக்கிழமை வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்காவது ஒரு பிரதி பத்திரமாக இருக்குமே என்று நினைப்பீர்கள். எல்லா நூலகமும் அப்படித்தான் நினைத்தன. பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது என்ற தைரியத்தில் பல பல்கலைக்கழகங்கள் அலமாரி அலமாரியாக இதழ்களைக் கழித்துவிட்டன. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தது, அடுத்த ஜனவரி வரைக்கும் கேட்டலாக்கையே இணையத்தில் பார்க்க முடியவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, திருடன் புகுந்தால் யார் என்ன செய்வது. ஒரே இடத்தை நம்பி மற்ற எல்லா இடத்திலும் காலி செய்த புத்திசாலித்தனத்தைத்தான் சொல்கிறேன்.

சொல்லப்போனால் இது நூலக நோய் மட்டுமில்லை, இந்த நாட்டுக்கே போருக்குப் பிந்தைய கட்டடங்கள் என்றால் ஒரு தினுசான பாசம். பாப்லரில் ஸ்மித்சன் தம்பதியர் வடிவமைத்த ராபின் ஹூட் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பு 1972இல் முடிந்தது. 2017இல் இடிக்க ஆரம்பித்தார்கள். இடித்துவிட்டு மூன்று மாடி உயரத்துக்கு ஒரு துண்டை மட்டும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கி, வெனிஸ் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியது. குடியிருந்தவர்களுக்கு வேறு இடம், முகப்புக்கு அருங்காட்சியகம். பாதுகாப்பு என்றால் நமக்கு அவ்வளவுதான் போல: முழுசாக இருக்கும்போது பாரம், துண்டாக ஆனதும் பாரம்பரியம். இதழ்களையும் அப்படியே செய்வீர்கள், எல்லாவற்றையும் அரைத்துவிட்டு 1951ஆம் ஆண்டு பிரிட்டன் திருவிழாச் சிறப்பிதழின் அட்டையை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஒரு கண்காட்சி நடத்துவீர்கள், திறப்பு விழாவுக்கு எனக்கும் மின்னஞ்சல் வரும். அலமாரி இருந்த இடத்தில் சாய்ந்து உட்கார மெத்தை மூட்டைகள் போடப்போவதாகவும் கேள்விப்பட்டேன். மாணவர்களுக்கு ஓய்வு வேண்டும்தான், மறுக்கவில்லை. அந்த மெத்தைகளைக் கிடங்கில் போட முடியாதா?

மன்னிக்கவும், கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. இடப் பற்றாக்குறையும் பணப் பற்றாக்குறையும் எனக்குப் புரியாமல் இல்லை. அதனால் பணிவாகவே கேட்கிறேன். 1945–1975 தொகுதிகளை, அட்டவணைத் தொகுதிகளோடு சேர்த்து, திறந்த அலமாரியிலேயே விடுங்கள். அது முடியவே முடியாது என்றால் கழிக்காமலாவது கிடங்கில் வையுங்கள், ஆனால் அட்டவணையை மட்டும் வாசிப்பறையில் விட்டுவிட்டு, வெளி வாசகர்களுக்காக ஒரு கணினியைத் திறந்துவிடுங்கள். விளம்பரப் பக்கங்கள் உள்ள தொகுதிகள் எவை என்று பார்க்க ஆள் இல்லை என்றால், சனிக்கிழமைகளில் வந்து பட்டியல் எடுத்துத் தர நான் தயார், சம்பளம் வேண்டாம்.

மஞ்சள் சீட்டில் அகற்றும் தேதி இந்த மாதக் கடைசி என்று போட்டிருக்கிறது. அதற்கு முன் ஒரு பதில் போடுங்கள், இந்த முறை தயவுசெய்து ஒரு மனிதர் எழுதியதாக.

இப்படிக்கு,
ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வெளி வாசகன்